நாம பார்த்த ஆந்தை

ஆந்தை தேடிப் போகிற நாளில், காருக்குள் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பேசி முடித்துவிடலாம் என்று சொன்னது என் கணவன்தான். "நாள் பூரா வண்டியிலதான இருக்கப்போறோம். ஒருத்தரும் டிஸ்டர்ப் பண்ண மாட்டாங்க. நாம பேசி ஒரு முடிவுக்கு வந்துரலாம்" என்றான்.

முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டல்லாஸில் அவனுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது, இப்போது பார்ப்பதைவிடப் பெரிய பதவி. நான் வேலை பார்ப்பதோ நியூ ஜெர்சியில், மருந்தைச் சொட்டுச் சொட்டாக உடம்புக்குள் அனுப்பும் பம்புகளைச் சோதிக்கிற லேபில். அந்தப் பம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்துச் சோதிக்க முடியாது. டல்லாஸுக்குப் போனால் வேலை போகும். வேலையோடு, என் பெயரில் நானாக வாங்கிய விசாவும் போகும். மறுபடி அவனுடைய விசாவில் 'டிபென்டன்ட்' என்று ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கல்யாணமாகி, நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் என்கிற ஊருக்கு வந்த புதிதில் சில வருடங்கள் அப்படி ஒட்டிக்கொண்டிருந்தவள்தான் நான். வேலை செய்ய அனுமதி கிடையாது. இருந்த ஒரே காரை அவன் ஆபீஸுக்கு எடுத்துப் போய்விடுவான். எங்கள் அபார்ட்மென்டுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் சேர்வதற்காக வெட்டிய ஒரு குட்டை இருக்கிறது. பகல் முழுக்க என் ஜன்னலில் அசைந்தவை அந்தக் குட்டைக்கு வந்த பறவைகள் மட்டும்தான். பெயர் தேடினேன், எழுதி வைத்தேன். பறவைகள்மீது எனக்கு ஏதோ பிறவிக் காதல் என்று இப்போது யாராவது சொன்னால் சிரிப்பு வரும். வேலையில்லாத ஒரு இன்ஜினியருக்கு எதையாவது வரிசைப்படுத்தியே ஆக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பிறகு அனுமதி வந்தது, வேலை வந்தது, என் சொந்த விசா வந்தது. பட்டியல் மட்டும் பழக்கமாகத் தங்கிவிட்டது.

டல்லாஸ் வேலை கிடைத்த அன்றே அவன் தெளிவாகச் சொல்லியிருந்தான். "எனக்கு ஒன்னும் அவசரமில்ல. மார்கழி முடியட்டும். நீ நல்லா யோசி. நாம சேர்ந்து டிசைட் பண்ணலாம்."

யோசிக்க இத்தனை அவகாசம் கொடுக்கிறானே என்று எனக்கு அவன்மீது மரியாதைகூட வந்தது. காலண்டரில் டிசம்பர், ஜனவரி என்று மட்டுமே பேசுகிறவன் மார்கழி என்று ஏன் சொன்னான் என்பது தோன்றவே இல்லை.

அந்தக் கம்பெனியோடு அவன் போனில் பேசுவது மூடிய கதவைத் தாண்டியும் எனக்குக் கேட்கும். 'வீ ஆர் எக்ஸைட்டட்' என்பான். 'வீ கேன் மூவ் பை ஃபெப்ருவரி' என்பான். ஆபீஸ் இங்கிலீஷில் எல்லாமே 'வீ'தான். ஒருத்தன் தும்மினால்கூட டீமே தும்மியதாகத்தான் ஈமெயில் போகும். அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த 'வீ'க்குள் நான் இருக்கிறேனா என்று பார்க்கவும் இல்லை. பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்த மொழி அதைக் காட்டிக்கொடுக்காது.

சில குளிர்காலங்களில் வடதுருவத்துப் பக்கமிருந்து ஆந்தைகள் தெற்கே இறங்கி வரும். அவற்றில் பெரியது பனி ஆந்தை. மரமே இல்லாத வெட்டவெளியில் பிறந்தது என்பதால் இங்கே வந்த பிறகும் அது மரத்தைத் தேடாது. கடற்கரை மணல்மேட்டிலோ விமான ஓடுபாதை ஓரத்திலோ தரையில் உட்கார்ந்திருக்கும். நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த வாரம் கடற்கரையில் ஒன்று இருப்பதாக எங்கள் பறவைக் குழுவில் ஒருவர் ரகசியமாகச் சொன்னார். இடம் வெளியே தெரிந்தால் கூட்டம் கூடிப் பறவையை உட்கார விடாது, அதனால்தான் ரகசியம்.

சனிக்கிழமைக்குத் திட்டம் போட்டேன். காலையில் பைன் தோப்பு, அங்கே கையளவு சின்ன ஆந்தை ஒன்று பகலில் தூங்கும் என்று பேச்சு. மதியம் கடற்கரையில் பனி ஆந்தை. பொழுது சாயும்போது உப்புச் சதுப்பில் புல்லுக்கு மேல் தாழப் பறந்து வேட்டையாடும் குட்டைக்காது ஆந்தை. மூன்றுக்கும் நடுவில் காரில் நாங்கள் இருவரும், டல்லாஸும்.

காரில் ஆந்தை பார்ப்பதற்கு என்னிடம் சில விதிகள் உண்டு. காரே நமக்கு மறைவு, ஆகவே சும்மா சும்மா கீழே இறங்கக் கூடாது. பார்க்கிற இடத்தில் இன்ஜினை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தொலைநோக்கி அதிரும். ஹீட்டரும் கூடாது. சூடான காற்று ஜன்னல் வழியே வெளியே போகும்போது, தோசைக்கல்லுக்கு மேலே தெரிவதுபோல எதிரே எல்லாம் நெளியும்.

"அப்ப ஃப்ரீஸருக்குள்ள உக்காந்திருக்கற மாதிரி உக்காந்திருக்கோணும்" என்றான்.

"இன்னொரு ஜாக்கெட் பின்னாடி இருக்கு. போட்டுக்கோ."

"ஆந்தை வீட்டுல ஹீட்டர் இல்லைங்கறதுக்காக நானும் விறைச்சுச் சாகோணுமா?"

"சாக மாட்ட. காபி ஃப்ளாஸ்க்ல இருக்கு."

அவனுக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். எனக்குப் பொள்ளாச்சி. இரண்டு பேர் வீட்டிலும் மனைவி கணவனை 'நீங்க' என்றுதான் சொல்வாள். நாங்கள் தனியாக இருக்கும்போது 'நீ', வீட்டுப் பெரியவர்கள் எதிரிலோ போனிலோ இருந்தால் 'நீங்க'. எனக்கு அது லைட் சுவிட்சைத் தட்டுவதுபோலப் பழகிவிட்டது.

பைன் தோப்பில் ஆந்தை இல்லை. அது இருந்த அடையாளம் மட்டும் இருந்தது. ஒரு மரத்தின் கீழ்க்கிளைகளில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை எச்சம். அடியில் ஊசியிலைகளின்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன உருண்டை. அவன் ஷூ நுனியால் அதைத் தட்டினான்.

"இதென்ன?"

"ஆந்தை கக்கினது. எலியை முழுசா முழுங்கிரும். செரிக்காத முடியும் எலும்பும் அப்படியே வெளிய வரும்."

"உவ்வே. சோத்து மூட்டையோட வந்திருக்கறவன்கிட்ட காட்டற பொருளா இது?"

தோப்பில் இருந்து திரும்பிக் காரில் ஏறியதும் பேச்சை ஆரம்பித்தேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்பதை மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதலில் விசா. அடுத்தது, டல்லாஸில் என் வகை வேலை கிடைக்க எவ்வளவு காலமாகும் என்பது. அடுத்தது, நான் இங்கேயே இருந்து அவன் மட்டும் போய் வந்துகொண்டு ஒரு வருடம் ஓட்ட முடியுமா என்பது. பார்க்வே என்கிற நெடுஞ்சாலையில் தெற்கே போகப் போகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் ரோட்டைப் பார்த்தபடி "ம்" என்றான். "கரெக்ட்தான்" என்றான். விசா விஷயத்துக்கு, "அது வேலிட் பாயின்ட்" என்றான்.

நான் சொன்ன எதையும் அவன் மறுக்கவில்லை. காய்கறி வாங்குவதற்குக்கூட எதிர்வாதம் வைக்கிறவன், அன்றைக்கு ஒன்றுக்கும் எதிர்ப்பேச்சு பேசவில்லை. பேச்சு நன்றாகப் போகிறது என்று நினைத்தேன். ஏற்கனவே முடிந்துபோன விஷயத்துக்காக யாரும் வாதாடுவதில்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

கடற்கரைச் சாலை ஒரு நீளமான மணல்திட்டின் நடுவே போகிறது. ஒரு பக்கம் மணல்மேடுகள், அதற்கப்பால் கடல். மறுபக்கம் புல்லும் காயலும். மணல்மேடுகளில் யாரும் ஏறாமல் இருக்கக் கயிறு கட்டிப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகைப் பாதை தொடங்கும் ஓரிடத்தில் ஒரு கார் நின்றிருந்தது. அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரத் தம்பதி கழுத்தில் பைனாகுலரோடு பக்கத்தில் நின்றிருந்தார்கள். நான் ஜன்னலை இறக்கியதும் அந்தப் பெண்மணி நாங்கள் கேட்காமலே சொன்னார்.

"காலையில இங்கதான் இருந்தது. வீ ஹேட் இட். தென் வீ லாஸ்ட் இட்."

பறவை பார்க்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பார்த்தால் கிடைத்தது, கண்ணை விட்டுப் போனால் தொலைந்தது. அவர் 'வீ' என்றபோது பக்கத்தில் நின்ற கணவர் தலையாட்டினார். அவர்களுடைய 'வீ'யில் யார் யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச தூரம் தள்ளிக் காரை நிறுத்தினோம். இன்ஜினை அணைத்து, ஜன்னலை இறக்கி, மேடு மேடாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மேட்டின் உச்சியில் வெள்ளையாக, குந்தி உட்கார்ந்த உருவம்.

"இரு. அசையாத" என்றேன். தொலைநோக்கியை ஜன்னல் கண்ணாடியின் விளிம்பில் மாட்டிக் குவியத்தைத் திருப்பினேன்.

"அதுதானா?"

"இரு."

"தலையைத் திருப்புதா?"

"...கைப்பிடி இருக்கு."

"எதுக்கு?"

"பக்கெட். கவுத்துப் போட்ட பெயின்ட் பக்கெட்."

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தான். "கைப்பிடி வெச்ச ஆந்தை! ரேர் வெரைட்டிடி. லிஸ்ட்ல போட்டுக்கோ. அப்படியே உங்க குரூப்புக்கும் சொல்லிரு, வடக்கேயிருந்து பக்கெட்டெல்லாம் வலசை வந்திருக்குதுன்னு." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தோம். நாங்கள் ஒன்றாக அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது. அதற்குப் பிறகு சிரிக்கவும் இல்லை. அதனால் இந்தப் பகுதியை எழுதும்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

சாப்பிடலாம் என்றான். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவந்திருந்தேன். "சாப்படற நேரத்துக்காவது ஹீட்டர் போடறேன், விரலே மடங்க மாட்டேங்குது" என்று கெஞ்சினான். நான் ஜன்னலை ஏற்றினேன். அவன் இன்ஜினைப் போட்டான். இன்ஜின் ஓடினால் அவனுடைய போன் தானாகக் காரோடு இணைந்துகொள்ளும். கொஞ்ச நேரத்தில் கார் முழுக்க மணி அடித்தது. திரையில் 'அம்மா'.

கையில் சாதத்தோடு இருந்தவன், பழக்கதோஷத்தில் முழங்கையால் ஸ்டியரிங் பொத்தானை அழுத்தினான்.

"சாமி, சாப்புட்டாச்சா?" அத்தையின் குரல் நான்கு ஸ்பீக்கரிலும் வந்தது.

"சாப்புட்டுட்டிருக்கோமுங்கம்மா."

"வெளிய எங்கயாவது போயிருக்கீங்களா?"

"பீச்சுக்குங்கம்மா. ஆந்தை பாக்க."

"என்ன பாக்க?"

"ஆந்தைங்கம்மா. வெள்ளை ஆந்தை. குளிருக்கு வடக்கேயிருந்து வருது."

"அடக் கருமமே! மார்கழி மாசத்துல கோயிலுக்குப் போவாங்க, கொளத்துக்குப் போவாங்க. இவனுக ஆந்தை மொகரையைப் பாக்கறக்கு பெட்ரோல் போட்டுட்டுப் போயிருக்கறானுக."

"எல்லாம் உங்க மருமகளோட ஐடியாங்க."

"அம்மிணி பக்கத்துல இருக்குதா?"

"இருக்கேனுங்க அத்தை" என்றேன். "உங்க பையன் இன்னும் ஆந்தையைப் பாக்கலீங்க. பக்கெட்டைத்தான் பாத்தாருங்க."

அத்தை சிரித்தார். என் மாமியாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவருக்குச் சூதுவாது தெரியாது. மனதில் இருப்பதை நேரே கொட்டிவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் கொட்டினார்.

"சரி, எதுக்குக் கூப்புட்டேன்னா, ஜோசியரு நாள் குறிச்சுக் குடுத்துட்டாரு சாமி. தை பொறந்து ரெண்டாவது வெள்ளிக்கெழமை. வெடியக்காலம் பால் காச்சிரோணும். அதுக்குள்ள டல்லாஸ் ஊட்டுச் சாவி கைக்கு வந்துருமில்ல?"

அவன் சாதத்தை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. "அம்மா, அதை நான் அப்பறம்..."

"அப்பறம் என்ன அப்பறம்? மார்கழில ஊடு மாத்தக் கூடாது, அது முடியற வரைக்கும் மூட்டை கட்ட வேண்டாம்னு நாம பேசுனதுதான? நாம முடிவு பண்ணுனபடி நடந்தாப் போதும். அம்மிணியோட வேலையைப் பத்தி நீ வெசனப்படாத. அங்க போயி நிதானமாத் தேடிக்கட்டும். கொஞ்ச நாளைக்கு ஊட்டுல இருந்தாத்தான் என்ன? ஒரு கொழந்தைகிழந்தைன்னு ஆனாலும் சவுகரியம்."

"அம்மா, நான் வண்டி ஓட்டிட்டிருக்கேன். பொறவு கூப்படறேன்."

கார் ஒரு மணி நேரமாக அதே இடத்தில் நின்றிருந்தது.

"பாத்து ஓட்டு சாமி. அம்மிணி, நீயாச்சும் சொல்லு, வேகமாப் போவேண்டாம்னு."

"சொல்றேனுங்க அத்தை" என்றேன்.

போன் அடங்கியது.

மார்கழி முடியட்டும் என்றது எனக்காக அல்ல, பஞ்சாங்கத்துக்காக. அது ஒன்று. அதைவிட எனக்குள் போய்த் தைத்தது 'நாம'. அத்தை 'நாங்க' என்று சொல்லவில்லை. மகனைப் பார்த்து 'நாம' என்றார். என்னை 'அம்மிணி' என்று தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியிருந்ததைச் சொன்னார். மீதியிருந்தது அவரும் மகனும். இரண்டு மாதமாக இங்கிலீஷ் 'வீ'க்குள் ஒளிந்திருந்தது தமிழில் ஒரே வாக்கியத்தில் வெளியே வந்துவிட்டது.

"சாவியா?" என்று கேட்டேன்.

"லீஸ்தான். சும்மா ஒரு அபார்ட்மென்ட். வேண்டாம்னா கேன்சல் பண்ணிக்கலாம்."

"வேலைக்கு எப்ப சைன் பண்ணின?"

"தேங்க்ஸ்கிவிங் லீவப்ப, நவம்பர் கடைசில. அவங்க டெட்லைன் குடுத்துட்டாங்க. அது ஒரு ஃபார்மாலிட்டி. சைன் பண்ணிட்டா போயே ஆகோணும்னு இல்ல."

"அத்தைகிட்ட சொல்லியிருக்க."

"அம்மாகிட்ட சொல்லாம எப்படி?"

அந்த வாக்கியம் அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும், காது மடல் சிவந்தது.

"நாமன்னா யாரு?" என்று கேட்டேன்.

"என்னது?"

"நாம முடிவு பண்ணினோம்னாங்களே. அந்த நாமல யாரெல்லாம் இருக்காங்க?"

"இப்ப எனக்கு கிராமர் கிளாஸ் எடுக்கறயா? அம்மா ஏதோ பேச்சுவாக்குல சொல்றாங்க."

"பேச்சுவாக்குலதான் சரியா வரும்."

"பெருசு பண்ணாத ப்ளீஸ்."

"அப்ப இன்னிக்கு எதுக்கு என்கூட வந்த? காலையில இருந்து ஒன்னொன்னா சொல்லிட்டு வர்றேன். எல்லாத்துக்கும் வேலிட்னு சொன்ன."

"வேலிட்தான். நான் இல்லைங்கல. உனக்கும் பேசின மாதிரி இருக்குமில்ல."

பேசின மாதிரி. எங்கள் லேபில், பம்பு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு யாராவது சோதனை அறிக்கை தயார் பண்ணினால் அதற்குப் பெயர் மோசடி. வேலை போய்விடும். வீட்டில் அதற்குப் பெயர் சேர்ந்து முடிவெடுப்பது போலிருக்கிறது.

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் அவனுக்கு வசதி. சமாதானப்படுத்துவான், சமாதானம் ஆனது முடிவுக்குச் சம்மதம் என்று கணக்காகும். டப்பாவை மூடினேன். தொலைநோக்கியையும் அதை நிறுத்தும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். என் விதியை நானே மீறினேன். காற்று முகத்தில் அறைந்தது.

பலகைப் பாதையை நோக்கி நடந்தேன். வெள்ளைக்காரத் தம்பதி இன்னும் அங்கேதான் இருந்தார்கள். நான் நெருங்குவதைப் பார்த்ததும் அந்தப் பெண்மணி உதட்டில் விரல் வைத்து, பிறகு கையை நீட்டினார். கயிற்றுக்கு அப்பால், மூன்றாவது மேட்டின் சரிவில், புல்லுக்குக் கீழே. "இப்பத்தான் திரும்பக் கிடைச்சது" என்று கிசுகிசுத்தார். வெறும் கண்ணுக்கு அங்கே புல்லும் மணலும்தான் தெரிந்தன. அது மேட்டின் மறைவில் இருந்தது, நாலடி இடப்பக்கம் தள்ளிப் போனால்தான் தெரியும். தள்ளிப் போனேன். முக்காலியை விரித்தேன். குளிரில் அதன் கால் பூட்டு இறுகியிருந்தது. அதோடு போராடிவிட்டு லென்ஸில் கண்ணை வைத்துக் குவியத்தைத் திருப்பினேன்.

முழுக்கச் சிவப்பு. அவனுடைய ஜாக்கெட்.

காரில் இருந்து நேரே மணலில் இறங்கியிருக்கிறான். அந்தப் பெண்மணி கை காட்டியதைப் பார்த்து, கயிற்றைத் தாண்டி, போனை நீட்டிப் பிடித்தபடி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான். எனக்குக் கொடுக்க ஒன்றைத் தேடிப் போகிறவன் நடை அது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"போகாத! நில்லு!" என்று கத்தினேன். பெரியவர் "சார்! சார், ப்ளீஸ்!" என்றார். காற்று எங்களைப் பார்த்துத்தான் அடித்தது, எங்கள் சத்தம் அவனுக்கு எட்டவில்லை. அவன் திரும்பி, சந்தோஷமாகக் கையசைத்துவிட்டு மேலே போனான்.

மறுபடி லென்ஸில் கண்ணை வைத்தேன். சிவப்பு முதுகு, அதற்குப் பின்னால் ஏதோ வெளிச்சம் அசைந்தது. கண்ணை எடுத்து நிமிர்ந்தபோது தம்பதி இருவர் முகமும் காயல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அவர்கள் முகம் திரும்பியதை வைத்துத்தான் ஒன்று பறந்து போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். நான் திரும்புவதற்குள் புல்வெளி காலியாக இருந்தது.

பெண்மணி என்னைக் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வந்தவங்களா?"

"ஒரே கார்ல வந்தோம்" என்றேன்.

அவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். பெரியவர் கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னார். அவ்வளவு தூரம் பறந்து வந்த பறவை, பகலில் ஓய்வெடுக்கிறது, இப்படித் துரத்தினால் வேட்டையாடத் தெம்பிருக்காது. அவன் நெஞ்சில் கை வைத்து, நல்ல இங்கிலீஷில், "வீ ஆர் ஸோ சாரி. வீ டிட்ன்ட் நோ" என்றான். அந்த 'வீ'யில் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நான் இருந்தேன்.

காருக்குத் திரும்பியதும் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாரு. என்னா சைஸு தெரியுமா! பூனை மாதிரி மொகம். மஞ்சக் கண்ணு. என்னையவே பாத்துச்சு. உனக்காகத்தான் எடுத்தேன்."

படத்தில் பழுப்பு மணல், அதன் ஓரத்தில் கலங்கிய வெள்ளைக் கோடு.

"நான் பாக்கல" என்றேன்.

"அங்கதான நின்ன?"

"உன் முதுகைத்தான் பாத்தேன்."

"சரி விடு. நான் பாத்தா என்ன, நீ பாத்தா என்ன. நாம பாத்தாச்சில்ல? லிஸ்ட்ல போட்டுக்கோ."

நானே கண்ணால் பார்த்ததைத்தான் பட்டியலில் எழுதுவேன் என்பது அவனுக்கு விளங்கவே இல்லை. அவனைப் பொறுத்தவரை, அவன் பார்த்ததை நான் என் பட்டியலில் எழுதலாம். அவன் போட்ட கையெழுத்து என் சம்மதமாகலாம். அதே கணக்குதான். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும்.

படத்தைக் குடும்பக் குரூப்புக்கு அனுப்பிவிட்டு, அதன் கீழே குரலையும் பதிவு செய்தான். "அம்மா, நாங்க ஆந்தையைப் பாத்துட்டோமுங்க!" நாங்க. அத்தையை வெளியே நிறுத்தி, அவனும் நானும். அன்றைக்கு அத்தையிடம் பேசிய பேச்சில் எனக்குக் கிடைத்த ஒரே இடம் அது. அதுவும் நடக்காத ஒன்றில்.

கடற்கரைச் சாலை முடிகிற இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் போனால் சதுப்பு, என் திட்டத்தின் மூன்றாவது இடம். இடது பக்கம் பார்க்வே, வீடு. வெயில் சாய்ந்து புல்லெல்லாம் மஞ்சளாகியிருந்தது. குட்டைக்காது ஆந்தை கிளம்புகிற நேரம். அவன் இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டான்.

"நாம பாத்தாச்சில்ல, வீட்டுக்குப் போயிரலாமா? செம குளிரு."

கிளம்பும் முன்பே அவன் சொன்னானே, பேசி ஒரு முடிவுக்கு வரலாம் என்று. எனக்கு முடிவு வந்துவிட்டது. குரல் உயராமல்தான் சொன்னேன்.

"தையில நீங்க போயி பால் காச்சிருங்க. நான் வரலீங்க."

அவன் சட்டென்று கார்த் திரையைப் பார்த்தான். போன் ஏதும் இணைப்பில் இல்லை. வீட்டுக்குப் போகும் வழி மட்டும் நீலக் கோடாக இருந்தது. பின்னால் வந்த கார் ஒருமுறை ஹாரன் அடித்தது. அவன் காரை நகர்த்தாமல் என் பக்கம் திரும்பினான்.

"அம்மாதான் லைன்ல இல்லையே" என்றான். "என்கிட்ட எதுக்கு 'நீங்க'ங்கற?"